படகு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ரேடார்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் முறை

ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் ஓடி, ஜூன் 14-உடன் முடியும். அந்தக் கடைசி வாரத்தில் எனக்குத் தூக்கம் கிடையாது. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் என்று ஜெட்டி ஜெட்டியாக ஓடுவேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான்: "அண்ணே, ஜிபிஎஸ் செத்துப்போச்சு." போய்ப் பார்த்தால் கருவி நன்றாக இருக்கும். ஃப்யூஸ் முனையில் உப்புப் பூத்திருக்கும், ஒயர் உள்ளுக்குள் அற்றிருக்கும், இல்லையென்றால் இரண்டு மாதம் படுத்துக் கிடந்த கருவி சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருக்கும். அதைப் பழுது என்று நினைத்துப் புதுக் கருவி வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் இரண்டு முறை கடலுக்குப் போய்வரப் போதுமான டீசல் காசு.

எந்த அறிகுறிக்கு முதலில் எதைத் தொட வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். சுக்கான் பிடிக்கும் அறையான வீல் ஹவுஸில் இவை இருக்கட்டும்: ஒரு சாதாரண மல்டிமீட்டர், கருவிக்கு ஏற்ற அளவில் பத்து ஃப்யூஸ், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், நல்ல இன்சுலேஷன் டேப், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு எதற்கு என்பது போகப்போகத் தெரியும்.

## அறிகுறி: சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே இல்லை

முதலில் திரையின் மேல் கையை மறைத்து நிழல் கொடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்து வைத்திருந்தால் பட்டப்பகலில் திரை கறுப்பாகத்தான் தெரியும். சுவிட்ச் அழுத்தும்போது 'பீப்' சத்தம் வந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது. வெளிச்சப் பொத்தானைத் தேடுங்கள்.

சத்தமும் இல்லையென்றால் ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸை வெளிச்சத்தில் பிடித்துக் கம்பி முழுசாக இருக்கிறது என்று திருப்தியடைய வேண்டாம். கம்பி நன்றாக இருக்கும், இரண்டு முனைத் தொப்பியிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, ஃப்யூஸ் உட்காரும் கிளிப்பையும் தேய்த்துப் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த ஒரு வேலைக்காக மட்டும் என்னைக் கூப்பிடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பேட்டரி. எஞ்சின் நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகு 12 வோல்ட் பேட்டரியில் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே போனால் கருவியைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு பேட்டரி தொடராகக் கட்டிய 24 வோல்ட் படகில் இந்த எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தால், கருவிக்குப் போகும் பிளக்கில் மீட்டரை வையுங்கள். அங்கே வோல்ட் வராவிட்டால் நடுவில் ஒயர் போயிருக்கிறது. வருகிறது, கருவி எழவில்லை என்றால் பழுது கருவிக்குள்ளே. அதோடு உங்கள் வேலை முடிந்தது, சர்வீஸுக்குக் கொண்டுவாருங்கள்.

புது ஃப்யூஸ் போட்டதும் 'பட்' என்று போகிறதா? பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை மட்டும் பாருங்கள். மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவதை நான் மன்றாடித் தடுப்பேன். 2 ஆம்பியர் ஃப்யூஸ் காக்க வேண்டிய கருவியை அந்தக் கம்பி எரித்துவிடும். டீசல் டேங்க் பக்கத்தில் இருக்கும் மரப் படகில் எரிவது கருவியோடு நிற்காது.

கருவி உப்புத் தண்ணீரில் விழுந்திருந்தால் ஆன் செய்து சோதிக்கவே கூடாது. ஒயரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே கொண்டுவர வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் உப்பு போர்டை இன்னும் வேகமாகத் தின்னும்.

## அறிகுறி: எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும்போது அணைந்து எழுகிறது

ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற இழுப்பில் பேட்டரி வோல்ட் சட்டென்று இறங்கும். பெரும்பாலான கருவிகள் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கருவியைப் போடுவது இன்றைக்குச் செய்யக்கூடிய வழி. பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கிவிட்டு வாசலின் தடவினால் பாதிப் படகில் பிரச்சினை அதோடு தீரும். தீராவிட்டால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. கருவிகளுக்கென்று தனிச் சிறு பேட்டரி வைப்பது நல்ல வழி. செலவு கொஞ்சம்தான், வலை போட்டிருக்கும் நேரத்தில் எஞ்சின் பேட்டரி படுத்தாலும் வயர்லெஸ் பேசும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறதென்றால் வேறு சோதனை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-இலிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் டைனமோ வேலை செய்யவில்லை, எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பேட்டரியில் 14 இருந்தும் கருவியின் பிளக்கில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாக வந்தால், இடையில் எங்கோ முறுக்கிக் கட்டிய இணைப்பு இருக்கிறது. டேப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்பு கறுத்து, கையில் தொட்டால் பொடியாக உதிரும். அந்த ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். பேட்டரியிலிருந்து கருவி வரை முழுசாகப் புதிது இழுங்கள்.

## அறிகுறி: ஆன் ஆகிறது, சாட்டிலைட் எடுக்கவில்லை

### தடைக்காலம் முடிந்து முதல்முறை போடுகிறீர்கள் என்றால்

பொறுமைதான் மருந்து. கருவி கடைசியாக அணைந்தபோது எந்தச் சாட்டிலைட் எங்கே இருந்தது என்று ஒரு பட்டியலை வைத்திருக்கும். இரண்டு மாதத்தில் அது பழசாகிவிடும். புதுப் பட்டியல் வானிலிருந்து முழுசாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. வெட்டவெளியில் படகை நிறுத்தி, அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஐஸ் ஏற்றும் ஷெட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து அணைத்துப் போட்டால் ராத்திரி வரை எடுக்காது.

### தினமும் ஓடுகிற கருவி இன்றைக்கு எடுக்கவில்லை என்றால்

பக்கத்துப் படகில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் கருவியில் பழுது இல்லை, கொஞ்சம் பொறுங்கள். அங்கே இருக்கிறது என்றால் ஆன்டெனா பக்கம் போகலாம்.

காளான் மாதிரி இருக்கும் ஆன்டெனாவின் தலையில் வலையோ, தார்ப்பாயோ, காயப்போட்ட சட்டையோ கிடக்கிறதா? கடற்பறவை எச்சம் தடித்துக் கிடக்கிறதா? துடையுங்கள். பிறகு கேபிள் கருவியில் செருகும் முனையைக் கழற்றிப் பாருங்கள். போன வருஷம் மண்டபத்தில் ஒரு விசைப்படகில் நான் கழற்றிய கனெக்டரை இன்னும் பையில் வைத்திருக்கிறேன். வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும். திருகிப் பிரித்தால் உள்ளே நடு ஊசி முழுக்கப் பச்சை. கேபிளின் மேல் தோலை ஒரு சாண் நீளத்துக்குக் கீறினேன். உள்ளே இருந்த செம்பு வலை கறுத்து, ஈரம் கசிந்தது. ஆன்டெனா முனையில் டேப் சுற்றாமல் விட்டதால் மழைத் தண்ணீர் கேபிளுக்குள் குழாய் மாதிரி இறங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட கேபிளை வெட்டி ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தால்: ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு, கருவி ஆன் ஆன நிலையில் அதன் ஆன்டெனா சாக்கெட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே 3 முதல் 5 வோல்ட் வரை வர வேண்டும். வெளியே இருக்கும் ஆன்டெனாவுக்குச் சோறு அதுதான். வரவில்லையென்றால் கருவி சர்வீஸுக்கு. வருகிறதென்றால் கேபிள் அல்லது ஆன்டெனா. கேபிளைக் குற்றம் சொல்லும் முன் பக்கத்துப் படகின் ஆன்டெனாவைப் பத்து நிமிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

விளக்குப் போட்டால் மட்டும் சாட்டிலைட் போகிறதா? புதிதாக மாட்டிய எல்இடி விளக்கோ இன்வெர்ட்டரோ இரைச்சல் கிளப்புகிறது. ஒவ்வொன்றாக அணைத்து எது என்று கண்டுபிடித்து, ஆன்டெனாவை அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

### தேதி இருபது வருஷம் பின்னால் காட்டினால்

ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படிப் போனது. அன்றிலிருந்து பல பழைய கருவிகளில் தேதி மட்டும் தப்பு. இடம் பெரும்பாலும் சரியாகவே காட்டும், ஆனால் சாட்டிலைட் எடுக்க நேரம் பிடிக்கும். கம்பெனி புது சாஃப்ட்வேர் கொடுத்திருந்தால் ஏற்றலாம். இல்லையென்றால் பொறுத்துக்கொண்டு ஓட்டலாம்.

## அறிகுறி: இடம் காட்டுகிறது, ஆனால் தப்பான இடம்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். செத்த கருவியால் இந்தக் கடலில் யாரும் மாட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அது செத்திருக்கிறது என்று தெரியும், ஆகவே கரையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். திரையில் எண் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும், அந்த எண் தப்பாக இருக்கும். ஆபத்து அதில்தான். பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வரைந்த எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது. அரிச்சல்முனையிலிருந்து அந்தக் கோடு சில கடல் மைல்தான். அரை மைல் பொய் சொல்லும் கருவி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று ராமேஸ்வரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

### முதலில் சிமுலேட்டர்

ஜெட்டியில் கட்டியிருக்கும் படகு திரையில் எட்டு நாட் வேகத்தில் ஓடுகிறதா? யாரோ, பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள், மெனுவைத் தட்டி சிமுலேட்டர் அல்லது டெமோவில் போட்டிருக்கிறார்கள். சாட்டிலைட் நிறைய எடுத்த மாதிரியே காட்டும். மெனுவில் போய் அதை அணையுங்கள். செலவு ஒன்றுமில்லை, ஆனால் கவனிக்காமல் கடலுக்குப் போனால் இதைவிட மோசமான பழுது கிடையாது.

### எண் எழுதும் முறை

இதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியும் தசமமும், டிகிரி மினிட் தசமம், டிகிரி மினிட் செகண்ட். நம் கரையில் பெரும்பாலும் நடுவில் சொன்னதுதான் புழக்கம். ஒருவர் "9 டிகிரி 17 பாயின்ட் 50" என்று சொல்கிறார். கேட்பவர் கருவி செகண்டில் இருக்கிறது, அவர் 17 மினிட் 50 செகண்ட் என்று அடிக்கிறார். 17.50 மினிட் என்பது 17 மினிட் 30 செகண்ட். இருபது செகண்ட் வித்தியாசம். ஒரு மினிட் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். இருபது செகண்ட் என்றால் 600 மீட்டருக்கு மேல். பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கும் இடத்தில் வலையைக் கிழிக்க அது போதும்.

பாம்பனில் ஒரு டிரைவர் தம்பி, அப்பா காலத்து நோட்டிலிருந்து எல்லைப் பாயின்ட்டுகளைப் புதுக் கருவியில் ஏற்றியிருந்தான். கோடு நேராக வராமல் ஒரு இடத்தில் முழங்கால் மாதிரி மடிந்து நின்றது. "அண்ணே, செட்டு கோளாறு" என்றான். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். எல்லாம் மினிட் தசமம், ஒன்று மட்டும் செகண்டில் எழுதியிருந்தது. அப்பா வேறு யாரிடமோ கேட்டு எழுதியது. கோடு மடிந்ததால் தெரிந்தது. எல்லாப் பாயின்ட்டும் ஒரே மாதிரி தப்பாக இருந்திருந்தால் கோடு அழகாக நேராக விழுந்திருக்கும்.

ஆகவே யாரிடம் பாயின்ட் வாங்கினாலும் "தசமமா, செகண்டா?" என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். பாயின்ட்டுக்குப் பிறகு வரும் எண் 60-ஐத் தாண்டினால் அது கட்டாயம் தசமம்தான், செகண்டாக இருக்க முடியாது.

### டேட்டம்

மெனுவில் 'மேப் டேட்டம்' என்று ஒன்று இருக்கும். எந்த வரைபடக் கணக்கில் எண்ணைக் காட்டுவது என்பதுதான் அது. அதில் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். பட்டியலில் 'இந்தியன்' என்று ஒன்றைப் பார்த்து, நம் நாடுதானே என்று அதைப் போட்டவர்கள் உண்டு. அது பழைய நில அளவை வரைபடத்துக்கானது. அதைப் போட்டால் எண் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதே பக்கத்தில் 'பொசிஷன் ஆஃப்செட்' இருந்தால் பூஜ்யமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

### ஜெட்டிச் சோதனை

ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கும் முன் செய்ய வேண்டியது இது. கருவி சரியாக இருக்கும் ஒரு நாளில், படகை வழக்கமாகக் கட்டும் இடத்தின் எண்ணை வீல் ஹவுஸ் சுவரில் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். புறப்படும் முன் திரையில் இருக்கும் எண்ணையும் சுவரில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். தசமத்தில் நான்கு எண் காட்டும் கருவியில் கடைசி இரண்டு எண்கள் ஆடும், மூன்று எண் காட்டும் கருவியில் கடைசி ஒன்று ஆடும், கவலையில்லை. அதற்கு முந்தைய எண் ஒன்றுக்கு மேல் மாறியிருந்தால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

"ஜெட்டியை ஒரு பாயின்ட்டாகக் கருவியிலேயே சேமித்து வைத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. டேட்டம் மாறினாலும், எழுதும் முறை மாறினாலும், கருவி தன்னிடம் இருக்கும் பழைய பாயின்ட்டையும் சேர்த்தே மாற்றிக் காட்டும். தூரம் பூஜ்யம் என்றே சொல்லும். சுவரில் எழுதிய பெயின்ட்தான் அப்படியே நிற்கும்.

பாம்பன் பாலத்தைக் கடப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பாலத்துக்கு அடியில் ஏறத்தாழ வடக்கு 9 டிகிரி 17 மினிட், கிழக்கு 79 டிகிரி 11 மினிட்டும் கொஞ்சமும் வர வேண்டும். இதெல்லாம் பார்த்த பிறகும் எண் தப்பாகவே வந்தால், கருவியை அணைத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 'ஃபேக்டரி ரீசெட்' கொடுக்கும் முன் எல்லாப் பாயின்ட்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரீசெட் எல்லாவற்றையும் அழித்துவிடும். நாற்பது வருஷமாகச் சேர்த்த பாடுகளை, அதாவது மீன் படும் இடங்களை, ஒரு பொத்தானில் இழந்து, ஜெட்டியில் உட்கார்ந்து அழுத ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து நோட்டில் எழுதாமல் நான் யார் கருவியையும் தொடுவதில்லை.

ஒவ்வொரு முறை போடும்போதும் பாயின்ட்டுகள் காணாமல் போனால், உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது. போர்டில் சால்டர் செய்திருக்கும். சர்வீஸ் வேலைதான், சின்ன வேலை.

## அறிகுறி: படகு நிற்கிறது, அம்பு சுற்றுகிறது

பழுது இல்லை. ஜிபிஎஸ்ஸுக்குப் படகின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று தெரியாது, போன வழிதான் தெரியும். நிற்கும்போது வழியே இல்லை, அதனால் அம்பு தள்ளாடும். மூன்று நாட் வேகம் எடுத்தால் நேராகும். நிற்கும்போது திசை வேண்டுமானால் காந்தத் திசைகாட்டியைப் பாருங்கள்.

திசைகாட்டி தப்பாகக் காட்டினால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர், ஸ்பேனர், கைபேசி எல்லாம் ஊசியை இழுக்கும். ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். நம் கரையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். பத்து டிகிரி தப்பு வந்தால் காரணம் படகுக்குள்தான் இருக்கிறது.

## அறிகுறி: எக்கோ சவுண்டர் ஆழம் தப்பு, அல்லது ஆழமே இல்லை

பாதியாக, இரட்டிப்பாக, மூன்று மடங்காகக் காட்டினால் யூனிட்டைப் பாருங்கள். பாகமா, மீட்டரா, அடியா? ஒரு பாகம் 1.83 மீட்டர், ஆறு அடி. யூனிட் சரி என்றால் இரண்டாம் எதிரொலி. பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்து தரை கெட்டியாக இருக்கும் இடத்தில், சத்தம் தரையில் பட்டு, தண்ணீர் மட்டத்தில் பட்டு, மறுபடி தரையில் பட்டு வரும். ஆறு மீட்டர் ஆழத்தில் பன்னிரண்டிலும் ஒரு தரை தெரியும். எதிரொலியைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைத்தால் கீழே இருக்கும் தரை மறையும். மேலே நிற்பதுதான் உண்மை. சந்தேகம் என்றால் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாருங்கள்.

நிற்கும்போது சரி, ஓடும்போது ஆழம் போய்விடுகிறது என்றால் சென்சாருக்கு அடியில் காற்றுக் குமிழி ஓடுகிறது. வேகத்தைக் குறைத்தால் வந்துவிடும். எப்போதுமே இப்படி என்றால் சென்சாரைப் பொருத்திய இடம் தப்பு. அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது மாற்ற வேண்டும்.

தடைக்காலத்துக்குப் பிறகு மங்கலாகிவிட்டது என்றால் எனக்கு அநேகமாக விடை தெரிந்துவிடும்: அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தவர் சென்சாருக்கும் சேர்த்து இரண்டு கோட் அடித்திருப்பார். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மெதுவாகச் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். பாசியும் சிப்பியும் படிந்திருந்தாலும் இதே வைத்தியம். கரையில் ஏற்றியிருக்கும்போது எக்கோ சவுண்டரை ஓட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சென்சார் சூடாகும்.

கடல்புல் அடர்ந்த இடத்தில் தரை அரைப்பாகம் மேலே தெரிவதும், சேற்றுத் தரையில் கோடு மங்குவதும் பழுது இல்லை. சுத்தம் செய்தும், கேபிள் முனை தேய்த்தும், ஜெட்டியில் நின்ற இடத்திலேயே ஆழம் வரவில்லை என்றால் சென்சார் போயிருக்கலாம். படகின் அடியைத் துளைத்து மாற்றும் வேலை அது. நீங்களாகச் செய்ய வேண்டாம்.

## அறிகுறி: வயர்லெஸ் கேட்கவில்லை, அல்லது நம் குரல் போகவில்லை

கேட்கவில்லை என்றால் ஸ்கெல்ச் திருகைத் திருப்புங்கள். 'ஸ்ஸ்' இரைச்சல் வரும் வரை குறைத்து, இரைச்சல் நிற்கும் இடத்தில் விடுங்கள். கடைசி வரை முறுக்கி வைத்தால் பக்கத்துப் படகு கத்தினால்கூட வராது. எல்இடி விளக்கை அணைத்தால் தூரத்துப் படகு கேட்கிறதென்றால் விளக்கை மாற்றுங்கள்.

நாம் பேசுவது போகவில்லை என்றால், பவர் 1 வாட்டில் இருக்கிறதா, 25 வாட்டில் இருக்கிறதா பாருங்கள். 25 என்றால் மைக்கை அழுத்தும்போது செட் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். அந்த நேரத்தில் திரை மங்கினால் பேட்டரி ஒயர் மெலிந்தது. மங்கவில்லை, 'டிஎக்ஸ்' எழுத்தும் வருகிறது என்றால் ஆன்டெனா கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். அங்கேயும் அதே பச்சைக் களிம்புதான் இருக்கும். 'டிஎக்ஸ்' எழுத்தே வராவிட்டால் மைக் ஒயர் சுருளில் அற்றிருக்கிறது.

ஆன்டெனா கழன்றிருக்கும்போது மைக்கை அழுத்தவே கூடாது. செட்டின் கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும், அது செலவு பிடிக்கும் வேலை.

தூரம் போகவில்லை என்று வருபவர்களுக்கு: படகு வயர்லெஸ் பேசும் வி.எச்.எஃப். அலை நேர்ப்பார்வையில்தான் போகும். 4 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு படகுகளுக்கு இடையே ஏறத்தாழ 9 கடல் மைல். அதற்கு மேல் வேண்டுமானால் ஆன்டெனாவை உயர்த்துங்கள், புது செட் வாங்கிப் பயனில்லை. சோதனைக்குச் சேனல் 16-ஐப் பிடிக்காதீர்கள். ஆபத்தில் இருக்கும் ஒருவன் அந்த நேரத்தில் அதில் பேச முயலலாம்.

## அறிகுறி: ரேடார் திரை வெறுமையாக, அல்லது வெள்ளையாக

மூக்கையூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் சில படகுகளில்தான் நான் ரேடார் பார்க்கிறேன். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து எழும்பிக் கடலைச் சுற்றும் விமானத்தின் ரேடாருக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: அலையை அனுப்பு, திரும்பி வரும் நேரத்தை அள, அதுதான் தூரம்.

போட்டதும் ஒன்றும் தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் சூடேற வேண்டும். பிறகு 'ஸ்டேண்ட்பை' என்று நிற்கும், 'டிரான்ஸ்மிட்' அழுத்த வேண்டும். இதற்காகவே என்னை ஜெட்டிக்கு வரவழைத்தவர்கள் உண்டு.

அழுத்தியும் வெறுமை என்றால், கெயின் குறைந்திருக்கிறதா, 'சீ' என்ற திருகு கடைசி வரை முறுக்கியிருக்கிறதா பாருங்கள். அது அலையின் எதிரொலியை அடக்குவதற்கானது. அதிகமாக முறுக்கினால் பக்கத்தில் வரும் படகையும் சேர்த்து அழித்துவிடும். மாறாக, நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அலைப் புள்ளிகள் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மழைக்குத் தனித் திருகு, 'ரெயின்'.

ஒரே திசையில் எப்போதும் இருட்டு என்றால் அங்கே பாய்மரமோ இரும்புத் தூணோ மறைக்கிறது. பாம்பன் பாலம் திரையில் நேர்க்கோடாக விழும். கண்ணுக்குத் தெரியும் திசைக்கும் திரைக்கும் வித்தியாசம் இருந்தால் 'ஹெடிங்' சரிசெய்ய வேண்டும்.

மர வல்லமும் ஃபைபர் படகும் ரேடாரில் மிக மங்கலாகத்தான் தெரியும், அலை எழுந்தால் தெரியவே தெரியாது. திரை சுத்தமாக இருக்கிறது என்று ராத்திரியில் வேகம் எடுக்காதீர்கள். முன்னால் வலை போட்டு விளக்கு மங்கி நாட்டுப்படகுக்காரர் இருக்கலாம்.

எல்லாம் சரியாக வைத்தும் பழைய தூரம் தெரியவில்லை என்றால், அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் தளர்ந்திருக்கும். மெனுவில் ஓடிய மணிக்கணக்கு இருக்கும், சில ஆயிரம் மணியைத் தாண்டியிருந்தால் அதுதான். மேலே சுற்றும் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பாய்மரத்தில் ஏறும் முன் பிரேக்கரை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

## அறிகுறி: நடுக்கடலில் எல்லாமே போய்விட்டது

விமானத்தில் ஜிபிஎஸ் ஒன்றை மட்டும் நம்பிப் பறப்பதில்லை. தரையிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவி, ஜைரோவை வைத்து வந்த வழியைக் கணக்கிடும் கருவி எல்லாம் இருந்தும், விமானியின் கண்ணுக்கு எதிரே மின்சாரமே தேவைப்படாத ஒரு சின்னக் காந்தத் திசைகாட்டியும் இருக்கும். உங்கள் வீல் ஹவுஸிலும் அது ஒன்று இருக்கட்டும்.

பாக் நீரிணையில் இருந்தால் மேற்கே பிடியுங்கள். மண்டபமோ தேவிபட்டினமோ தொண்டியோ, எங்கே கரை தட்டினாலும் நம் கரைதான். மன்னார் வளைகுடாவில் இருந்தால் வடமேற்கே பிடியுங்கள், ஆனால் ராத்திரியில் தீவுகளை நெருங்காதீர்கள். கீழக்கரைப் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பார் இருக்கிறது. ஆழம் குறையும் இடத்தில் நங்கூரம் போட்டு விடியும் வரை நில்லுங்கள். கையில் வைத்துப் பேசும் வயர்லெஸ் இருந்தால் சேனல் 16. கைபேசியில் சிக்னல் வந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. இந்த இரண்டு எண்ணையும் ஜெட்டி எண்ணுக்குக் கீழே அதே பெயின்ட்டில் எழுதிவையுங்கள்.